தரம் வேறுபட்ட துணிகளை ஒன்றாய்த் தைத்தல்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் மகளிர் தையற் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் தையற் குழுவின் அனுபவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு தலைவர் அவர்கள் பணித்தார்கள். பழந்துணிகளையும் துண்டுத் துணிகளையும் இணைத்து, தையற் பொறியால் ஒட்டுப்போர்வை தைப்பது எங்கள் தொழில். அதில் நாங்கள் ஒருமுறை தவறிப் பின்னர் திருந்திக்கொண்டோம். அவ்வரலாறு பிற ஊர்க் குழுக்களுக்கும் பயன்படலாம் என்று கருதி அதையே இங்குக் கூற முன்வந்தோம்.

கிழிந்த சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, குழந்தைக்கு விரிப்பும் குளிருக்குப் போர்வையும் செய்துகொள்வது நம் நாட்டில் பழைய வழக்கம். வங்காளத்தில் இதனைக் காந்தா என்பார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் வண்ணப் போர்வைகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவையெல்லாம் கையால் தைக்கப்படுவன. கை துணியின் இயல்பை அறியும். மெல்லிய இடத்தில் தானே தளரும். தடித்த இடத்தில் தானே அழுந்தும். பொறிக்கு அந்த உணர்ச்சி இல்லை. எத்துணியாயினும் ஒரே இறுக்கத்தில் தைத்துத் தள்ளிவிடும். ஆகவே கை செய்யும் யோசனையை, பொறியின்முன் உட்காருமுன்னரே நாம் செய்து முடித்தல் வேண்டும். இதனை அறியாமையே நாங்கள் செய்த பிழை.

எங்களுக்குத் துணி மூன்று வழிகளில் கிடைக்கிறது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது கழியும் துண்டுகளை எடை போட்டு வாங்குகிறோம். கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை முதலியவற்றுக்கென நெய்யப்படும் கனத்த துணியின் துண்டுகளை வாங்குகிறோம். மூன்றாவதாக, பழைய நூற்சேலைகளையும் பாலியெஸ்டர் சேலைகளையும் உறுப்பினர்களே வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள். முதலாவது பின்னிய துணி, இழுத்தால் நீளும். இரண்டாவது பாவும் ஊடையும் நெருங்கிய கெட்டி நெசவு, இழுத்தாலும் அசையாது. மூன்றாவது, துவைத்துத் துவைத்து நைந்தது.

தொடக்கத்தில் நிறப் பொருத்தம் ஒன்றையே பார்த்து இவற்றை இணைத்தோம். போர்வைகள் கண்ணைக் கவர்ந்தன, விலையும் போயின. ஆனால் வாங்கியவர்கள் ஒருமுறை துவைத்தவுடன் பலவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கனத்த துணியை அடுத்திருந்த பழஞ்சேலை தையலோரமாகவே கிழிந்திருந்தது. நூல் துணி சுருங்கியதால், சுருங்காத பாலியெஸ்டர் கொப்புளம்போல் எழும்பி நின்றது. பனியன் துணி அலை அலையாய் நெளிந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று நேர்ந்தது. பழஞ்சேலை கொண்டுவந்தவர்களாலேதான் எல்லாம் கெட்டது என்று குழுவிற்குள் பேச்சு எழுந்தது. மறைந்த தம் தாயாரின் சேலையைக் கொடுத்திருந்த ஒரு சகோதரி, மனம் நொந்து வருவதை நிறுத்திக்கொண்டார்.

உழவர் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இளங்கன்றையும் முதிர்ந்த காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் ஏர் கோணிப் போகும். அது கன்றின் குற்றமா? ஆராயாமல் பூட்டியவரின் குற்றமன்றோ? துணியின்மேல் போட்ட பழியை எங்கள்மேல் போட்டுக்கொண்ட பிறகே எங்களுக்கு வழி தெரிந்தது. அவ்வழியை முறையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, வெட்டுமுன் துவைத்தல். நூல் துணியை வெந்நீரில் நனைத்து, சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடச் செய்கிறோம். சாயத் துணியை ஈரத்துடன் ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கிறோம். கறை பிடித்தால் அதை வெளிர் நிறத் துணிக்குப் பக்கத்தில் வைப்பதில்லை.

இரண்டாவது, வலிமை பார்த்தல். துணியை இரு கைகளாலும் பிடித்து, பாவின் போக்கில் ஒருமுறையும் ஊடையின் போக்கில் ஒருமுறையும் இழுக்கிறோம். உடனே கிழிவதை மேலே வைப்பதில்லை. போர்வையின் உள்ளடுக்காக இடுகிறோம். தாங்கினாலும் நைந்திருப்பதற்கு அடியில் மெல்லிய மல் துணியை அதே அளவில் வெட்டி வைத்து, ஓரம் சுற்றித் தைத்து இணைக்கிறோம். பனியன் துணிக்கும் இவ்வாறே செய்கிறோம். பின்னர் அது நீளுவதில்லை. இவ்விதம் மெலிந்த துணி, வலிய துணிக்கு ஈடாகிறது.

மூன்றாவது, இடம் அறிந்து வைத்தல். போர்வையில் அதிகம் இழுபடுவது ஓரம். அங்குக் கரூர்த் துணியை வைக்கிறோம். பழஞ்சேலைக்கு நடுவிடத்தைத் தருகிறோம். இழை பிரியும் துணிக்குத் தையலுக்கு வெளியே அரை அங்குலம் மிச்சம் விடுகிறோம்.

நான்காவது, பொறியைத் துணிக்கு இசையச் செய்தல். மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசியும், நடுத்தரத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், பல அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க 16ஆம் எண் ஊசியும் ஏற்றவை. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூர் ஊசி இழையை அறுத்துவிடும். தையல் மிக நெருங்கி விழுந்தால் பழந்துணியில் தபால்தலை ஓரம்போல் துளைகள் வரிசையாக விழுந்து, அவ்வழியே கிழியும். ஆகையால் அங்குலத்திற்கு 10 தையலுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்கிறோம். நூலின் இறுக்கத்தைத் துண்டுத் துணியில் முன்னரே சோதிக்கிறோம். மேல்நூலும் கீழ்நூலும் பின்னும் இடம் இரு துணிகளுக்கும் நடுவே மறைந்திருக்க வேண்டும். கீழ்நூல் மேலே தலைகாட்டினால் மேல்நூலின் திருகைச் சற்றே தளர்த்த வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பொறியின் அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை இழுத்துச் செல்லுகின்றன. மேலே அழுத்தும் பாதமோ மேல்துணியைச் சிறிது தடுக்கிறது. எனவே இரண்டும் ஒரே அளவாயிருந்தாலும் கடைசியில் மேல்துணி மிஞ்சி நிற்கும். நீளும் இயல்புடைய துணியைக் கீழேயும், நீளாத துணியை மேலேயும் வைத்தால் அந்த ஏற்றத்தாழ்வைப் பற்களே சரிசெய்துவிடும். தைக்கும்போது கையால் இழுத்தல் கூடாது. இழுத்தால் துணி கோணும், ஊசியும் முறியும். இஸ்திரி போடுகையில், சூடு தாங்காத பாலியெஸ்டருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு சூடே போர்வை முழுமைக்கும் போதும்.

இம்முறையில் தைத்தால் வேலை கூடுதல் என்பதை மறைக்கவில்லை. துவைக்கவும் தரம் பிரிக்கவும் ஆகும் நேரம், தைக்கும் நேரத்திற்குக் குறைந்ததன்று. ஆகவே தைப்பவருக்கு மட்டும் கூலி என்ற பழைய ஏற்பாட்டை மாற்றி, தரம் பிரிப்பவருக்கும் கூலி உண்டு என்று முடிவு செய்தோம். போர்வை ஒவ்வொன்றிலும் எவ்வெத் துணி சேர்ந்துள்ளது, எப்படித் துவைக்க வேண்டும் என்று சீட்டு எழுதித் தைக்கிறோம். வாங்குபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுவதே எங்கள் கணக்கில் முதல் முதலீடு.

ஊராட்சி உறுப்பினர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. துணி விரித்து அடுக்க, வெளிச்சமுள்ள ஓர் அறையும் அகலமான மேசையும் பொதுக் கட்டடத்தில் கிடைக்குமாறு செய்ய வேண்டும். கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் குழுக்களின் பொருள்களை ஊரார் பார்த்து வாங்க இடம் ஒதுக்க வேண்டும்.

மனம் நொந்து சென்ற சகோதரியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் அவர் வீட்டிற்குச் சென்று, பிழை சேலையினுடையதன்று, எங்களுடையதே என்று சொல்லி அழைத்தோம். கிழிந்த போர்வையைப் பிரித்து, அச்சேலைக்கு மல் துணி கொடுத்து நடுவில் வைத்து மீண்டும் தைத்தோம். அதை விற்கவில்லை; அவரிடமே கொடுத்தோம். துணியைத் தொட்டே அதன் வலிமையைக் கூறும் திறமை அவருக்கு உண்டு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்று எங்கள் குழுவில் தரம் பிரிப்பவர் அவரே.