சுரண்ட மறந்த பெயர்

பைக்கின் முகப்பிலோ பெட்ரோல் டேங்கிலோ பிள்ளைகளின் பெயரை ஒட்டி வைப்பது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பார்க்கிற காட்சி. வண்டியை விற்பது என்று முடிவானதும் முதலில் நடப்பது அந்த ஸ்டிக்கரைச் சுரண்டும் வேலைதான். சிலர் நகத்தால் சுரண்டுவார்கள், சிலர் துணியில் பெட்ரோலைத் தொட்டுத் துடைப்பார்கள். பசையின் தடம்கூட மிஞ்சக் கூடாது. நம் பிள்ளை பெயரோடு யாரோ ஒருவர் ஊர் சுற்றலாமா? அவ்வளவு கவனமாக இருக்கிற அதே ஆள், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தன் பெயரை அப்படியே விட்டுவிட்டு, "பாத்து ஓட்டுங்க தம்பி" என்று சாவியை நீட்டிவிடுவார்.

பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஊரே புத்தி சொல்லும். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ, புகையைப் பார், விலையைக் குறைத்துக் கேள். நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதே என்று பேரத்துக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுக்கவும் ஆள் உண்டு. விற்கிறவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. கைக்குப் பணம் வந்துவிட்டது, அவருக்கு என்ன கவலை என்கிற நினைப்புதான். கணக்குப் பார்த்தால், வாங்கியவரின் நஷ்டம் பெரும்பாலும் கொடுத்த பணத்தோடு முடிந்துவிடும். விற்றவரின் நஷ்டம் எந்த வருடம், எந்த ஊரிலிருந்து வரும் என்று சொல்லவே முடியாது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. பைக் இல்லை, கார். ஆனால் சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றார், அவரும் அடுத்தவருக்குக் கைமாற்றினார். ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009 மே மாதம் அந்தக் காரைப் பின்பக்கமாக எடுத்தபோது ஒரு சிறுவன் அடிபட்டு இறந்தான், ஒரு பெண் காயப்பட்டார். இழப்பீட்டை யார் கொடுப்பது? தீர்ப்பாயம் முதல் ஆளைக் கைகாட்டியது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் பிறகு வாங்கியவர்களில் ஒருவர் பக்கம் திருப்பியது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் முதல் ஆளிடமே கொண்டுவந்து நிறுத்தியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். அடிபட்டவரின் குடும்பம் வண்டி கைமாறிய கதையைத் துரத்திக்கொண்டு அலைய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். விற்று இரண்டு வருடம் ஆன வண்டி, ஓட்டியவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் பொறுப்பு அவருடையது.

இழப்பீடு வரை போகாத தொல்லைகளும் உண்டு. சிக்னலில் இருக்கும் கேமரா ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, நம்பர் பிளேட்டைத்தான் படிக்கிறது. தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனால் 1,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000 ரூபாய். வாங்கியவர் தலையில் ஒன்றும் மாட்டாமல் போனதற்கான சலான், விற்றவரின் செல்போனில் வந்து விழும். வாங்கியவர் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் அந்த வண்டியை எடுத்து ஓட்டி மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தில், சிறுவர்கள் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகவே கருதப்படுவார்கள். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கிற வேலையும் உரிமையாளர் தலையில்தான்.

இவ்வளவு இருந்தும் பெயர் ஏன் மாறுவதில்லை? சோம்பல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வியாபாரத்தில் இருக்கிறது. "29, 30 ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்ற வசனத்தை, வண்டி விற்ற பலரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். 29 என்பது வண்டியை விற்றுவிட்டேன் என்று விற்பவர் கொடுக்கும் அறிவிப்பு. 30 என்பது பெயரை மாற்றித் தரக் கேட்கும் விண்ணப்பம். வாங்குபவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், நடுவில் இருக்கும் தரகர் தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமலே வண்டியை அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். தன் பெயரை ஏற்றினால் 'சிங்கிள் ஓனர்' வண்டி 'செகண்ட் ஓனர்' ஆகிவிடும், விலை இறங்கும். ஆக, விற்றவரின் பெயர் பதிவேட்டில் தொங்கிக்கொண்டிருப்பதில்தான் தரகரின் லாபம் இருக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து இணையத்தில் தகவல் ஏற்றிவிட்டால், அதன் பிறகு பொறுப்பு வியாபாரியைச் சேரும். எதிர்வீட்டுக்காரருக்கோ அலுவலகத் தோழருக்கோ நேரடியாக விற்கிறவருக்கு இந்தக் குடை கிடையாது. அவரே தன் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு இதற்கு நாள் குறித்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வேறு மாநில வண்டி என்றால் ஏற்கெனவே பதிவான அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும். புதுச்சேரியின் பி.ஒய். 01 வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கடலூரில் ஓட்டுகிறவர்கள், அந்தச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் சேர்ந்தால் என்ன விலை ஆகிறது என்று முதலிலேயே கூட்டிப் பார்ப்பது நல்லது.

இப்போது விண்ணப்பம் இணையத்தில்தான் தொடங்குகிறது. பதிவேட்டில் உள்ள செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வண்டி வாங்கியபோது கொடுத்த எண்ணை விற்றவர் எப்போதோ மாற்றியிருப்பார். ஆறு மாதம் கழித்து வாங்கியவர் ஃபோன் பண்ணி "அண்ணே, ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க" என்று கேட்பார். நாளுக்கு நான்கு மோசடி அழைப்பு வரும் காலத்தில், முன்பின் பழக்கமில்லாத குரலுக்கு யார் ஓ.டி.பி. சொல்வார்? எனவே இரண்டு பேரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்து விண்ணப்பத்தை ஏற்றிவிட்டு, ஒப்புகைச் சீட்டை ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு சாவியைக் கொடுப்பதே சரி. ஒரு காலை நேர வேலை. "பேர் மாறினதும் திருப்பித் தர்றேன்" என்று வாங்குபவரிடம் இரண்டாயிரம், மூவாயிரம் பிடித்து வைக்கிற விற்பனையாளர்களும் உண்டு. கேட்கக் கொஞ்சம் கறாராகத் தோன்றும், ஆனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வண்டியை ஒப்படைக்கும்போது எழுதிக்கொள்ளும் டெலிவரி சீட்டில் தேதியைப் போடுகிறவர்கள் நேரத்தைப் போட மறந்துவிடுகிறார்கள். மாலை நாலரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் ஐந்து மணிக்கு எங்கோ இடித்துவிட்டால், போலீஸ் கேட்கும் முதல் கேள்வி அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். இந்தச் சீட்டால் பெயர் மாறிவிடாது. ஆனால் ஓட்டியது யார் என்று காட்ட உதவும்.

இனி வாங்குகிறவர் பக்கம்.

பார்க்கப் போகும் முன் "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவது அனுபவஸ்தர்களின் வழக்கம். போனதும் புறங்கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். மீட்டரில் 18,000 கிலோமீட்டர் காட்டுகிறதா? அதை டயரிடம் கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். வண்டி 2016 மாடல், டயர் 2019 என்றால், பழைய டயர் மூன்று வருடத்தில் தேய்ந்து மாறியிருக்கிறது. அவ்வளவு ஓடிய வண்டியின் மீட்டரில் 18,000 எப்படி? ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலின் தேய்மானமும் அதே சாட்சியைச் சொல்லும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெடல் வரை யோசிப்பதில்லை.

சேஸிஸ் எண் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். இப்போதைய வண்டிகளில் எழுத்தும் இலக்கமும் கலந்து 17 இருக்கும். ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே கூடாது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதற்காக உலகம் முழுக்க அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். துணியால் தூசியைத் துடைத்து, டார்ச் அடித்து, ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தேய்த்த தடமோ, வரிசை கோணலோ தெரிந்தால் அங்கேயே கும்பிடு போட்டுத் திரும்பிவிடலாம். திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' இணையதளத்திலும் பார்க்கலாம். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் கடன், இன்சூரன்ஸ் விவரம் தெரியும். கடன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்காத வண்டிகள் ஏராளம். நிறுவனத்தின் தடையில்லாக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. இரண்டு வாரத்துக்குள் தென்மாவட்டங்களில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, பாலிஷ் போட்டு மறுபடி ரோட்டில் ஓடுகின்றன. சீட்டைத் தூக்கினால் வயர் கட்டுகளின் இடுக்கிலும், ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கமும் காய்ந்த சேற்றுக் கோடு தெரியும். வெள்ள வண்டி என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இணைய விளம்பரத்தில் ராணுவ வீரர் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. "டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டியை அவசரமா விக்கிறேன்" என்று ஒரு குரல். சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். விலை பாதிக்குப் பாதி. பார்சல் செலவுக்கு முதலில் கொஞ்சம் அனுப்பச் சொல்வார்கள். வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பே பணம் போயிருக்கும். விற்பவருக்கும் இதே வலை வேறு முடிச்சோடு வருகிறது. "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் கேட்கிறது என்றால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பாத கதை செய்தித்தாளில் அடிக்கடி வருவதுதான். அடமானமாக விட்டுப்போன பழைய ஸ்கூட்டரும் திருட்டு வண்டியாக இருந்த சம்பவங்கள் உண்டு. பின்னால் ஏறி உட்கார்ந்து கூடவே போனால் தொல்லையில்லை. சாவியைக் கொடுக்குமுன் லைசென்ஸைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம்.

கடைசியாக இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். "இன்சூரன்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குங்க" என்று விற்பவர் சொன்னால், அது எதிரில் வருபவருக்கான பாதுகாப்பு மட்டும்தானா, வண்டிக்கு வரும் சேதத்துக்கும் உண்டா என்று பாலிசியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாகக் கூடவே போகும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கேட்காமலே ஓட்டிய வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி மட்டும் விற்றவருக்கே சொந்தம். அது வண்டியைப் பார்த்துக் கொடுத்ததில்லை, ஆளைப் பார்த்துக் கொடுத்தது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை வரும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த பைக்குக்கு அதைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.