பத்து ஆடும் இருபத்துநாலு தவணையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



ஆடு வளர்த்து முன்னுக்கு வந்த கதையைச் சொல்லச் சொன்னாங்க. முன்னுக்கு வந்தேனா என்று நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லுங்க. நோட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கேன்.

சங்கக் கடனில் என் பங்கு ஒரு லட்சம். ஒரு தை மாசத்தில் பெட்டை ஆடு பத்து, ஒன்று 7,500 வீதம் 75,000. கிடாய் ஒன்று 10,000. மிச்சம் 15,000 கொட்டாய்க்கும் வேலிக்கும் சரியாப் போச்சு. கடனுக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் வருமானம் என்ற இடத்தில் "இறைச்சி, கம்பளி" என்று இரண்டு வரி அச்சடிச்சிருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். கம்பளி யார் வாங்குவாங்க என்று பயிற்சியில் கால்நடை மருத்துவரைக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "உங்க ஆட்டைத் தடவிப் பாரும்மா, கையில் மயிர்தானே வருது" என்றார்.

அது உண்மைதான். நம்ம பக்கத்துச் சிவப்புச் செம்மறிக்கும், சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கும் உடம்பில் இருப்பது குட்டை மயிர், கம்பளிக்கு ஆகாது. பெரம்பலூர், திருச்சி பக்கத்துக் கருப்பு ஆட்டில் கத்தரிக்கலாம், அதுவும் முரட்டுக் கம்பளிக்குத்தான். மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு. குளிர்ப் பிரதேசத்து ஆடு, இப்போ எண்ணிக்கையே குறைஞ்சு போச்சாம். கம்பளியாலே வளர்ந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கேயே 1991ல் அரசு ஏற்பாட்டில் இருந்த ஆதரவு விலை விழுந்த பிறகு, 17 கோடி ஆடு இருந்த நாட்டில் இருபது வருசத்தில் பாதிக்கும் கீழே வந்துடுச்சு. அவங்களுக்கே அந்த நிலைமை. நான் அந்த இரண்டாவது வரியை அன்றைக்கே அடிச்சுட்டேன்.

தோல் என்று ஒன்று இருக்கு. மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் தொழிலில் நல்ல பேர். ஆனா நாம விற்பது உயிரோட. தோலோட லாபம் நம்ம வீட்டுப் பக்கமே வராது. நம்ம கைக்கு வருவது குட்டியும் புழுக்கையும்தான்.

இப்போ முதல் வருசத்துக் கணக்கு. மாசியிலேயே முதல் தவணை வந்துடுச்சு. 24 தவணை, மாசம் 4,700. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாசம். அப்புறம் குட்டி விற்கிற பருவத்துக்கு வர நாலு மாசம். வங்கிக்கு அந்தக் கணக்கு தெரியாது. நாற்று நட்டு, களை எடுத்து, நூறு நாள் வேலைக்குப் போய்த் தவணை கட்டினேன். ஆடிக்குள்ளே ஒன்பது ஆடு ஈன்றது. தீபாவளிக்குக் குட்டிகளை விற்றுடலாம் என்று இருந்தேன்.

அந்த ஆவணியில் ஊரில் தடுப்பூசி முகாம் போட்டாங்க. இலவசம்தான். அன்றைக்கு எனக்கு நடவு வேலை, கூலி 300 ரூபாய். அடுத்த முறை போட்டுக்கலாம் என்று போயிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு ஆட்டுக்கு மூக்கு ஒழுகுச்சு, வாயெல்லாம் புண், கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய் என்றார் மருத்துவர். எட்டு நாளில் நாலு குட்டி, ரெண்டு தாய் ஆடு. ஆட்டுக்கு 15,000, குட்டிக்கு 18,000, ஆக 33,000 ரூபாய். 300 ரூபாய்க்காக. காப்பீடும் செய்யலை, காதில் வில்லை இருந்திருந்தா தாய் ஆட்டுக்காவது பணம் வந்திருக்கும்.

அந்த மாசக் கூட்டத்துக்கு நான் போகலை. மறு மாசம் கம்மலை அடகு வச்சுத் தவணையோட போனேன். குழுவை விட்டு விலகிடறேன் என்றேன். எங்க பிரதிநிதி அக்கா தீர்மான நோட்டை மூடி வச்சுட்டு, "உன் ஆட்டை யாரு மேய்க்கிறா? அதுக்கு என்ன கூலி எழுதியிருக்கே?" என்று கேட்டாங்க. நான் எழுதவே இல்லை. தினம் ஆறு மணி நேரம் மேய்க்கிறேன். 150 ரூபாய் என்று வைத்தாலும் வருசத்துக்கு 54,750. எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்த வரி இல்லை.

எங்க குழுவில் ஆடு வச்சிருந்தது நாலு பேர். நாலு பட்டியும் சேர்த்தா ஐம்பது, அறுபது உருப்படி. அதை மேய்க்க ஒரு ஆள் போதும். நாளுக்கு ஒருத்தர் என்று முறை வச்சோம். மூணு நாள் கூலிக்குப் போகலாம், நாலாம் நாள் மேய்ச்சல். இவ்வளவுதான் செஞ்சோம், ஆனா கணக்கு மாறினது இங்கேதான். மல்லாட்டைக் கொடி, உளுந்துப் பொட்டு எல்லாம் அறுவடையிலேயே சேர்த்து வாங்கினோம். கோடையில் நாலு பட்டியையும் சேர்த்து நிலத்தில் கிடை கட்டினோம். ஆட்டு எரு அவ்வருசம், மாட்டு எரு மறுவருசம் என்பாங்களே, அதனாலே கேட்க ஆள் இருந்தாங்க. ராத்திரிக்கு 200 வீதம் 40 ராத்திரி, 8,000; ஆளுக்கு 2,000.

அப்புறம் சந்தை. முதல் வருசம் தப்பின அஞ்சு குட்டியில் ரெண்டு பெட்டையை வச்சுக்கிட்டு, மூணு கிடாய்க் குட்டியை விற்றேன், ஒன்று 4,500. சந்தையில் துண்டுக்குள்ளே விரல் பிடிச்சுப் பேசுவாங்க. பொம்பளை யாரு துண்டுக்குள்ளே கை விடறது? தள்ளி நின்றுதான் விலையைத் தெரிஞ்சுக்கணும். இரண்டாம் வருசம் நாலு பேரும் சேர்ந்து ஒரு கொக்கித் தராசு வாங்கினோம். சாக்கைத் தூளி மாதிரி கட்டி, குட்டியை வச்சுத் தூக்கினா எடை தெரிஞ்சுடும். 14 கிலோ குட்டியில் ஆறரை கிலோ கறி தேறும் என்பது வியாபாரிக்குக் கண்ணாலேயே தெரியும்; இப்போ எங்களுக்கும் தெரியும். உயிர் எடை கிலோ 380 என்று பேசி 5,320க்கு விற்றோம். வியாபாரி கோவிச்சுக்கிட்டார். அடுத்த வாரம் வந்துட்டார்.

இரண்டாம் வருசம், ரெண்டு வருசத்துக்கு மூணு ஈத்து என்ற கணக்கில் எட்டு ஆட்டுக்குப் பன்னிரண்டு குட்டி. ஒன்று போச்சு, ரெண்டு பெட்டையை வச்சுக்கிட்டேன். ஒன்பது விற்றேன்: 47,880. கிடைப் பணம் 2,000. மருந்து, குடற்புழு நீக்கம், தீவனம், காப்பீடு 6,000 போக, மிச்சம் 43,880.

தவணை எவ்வளவு? வருசத்துக்கு 56,400. நோய் இல்லாம, எடை போட்டு விற்று, நல்லா நடந்த வருசத்திலேயே 12,520 துண்டு விழுது. அதைக் கூலியிலிருந்துதான் கட்டினேன். அதே வட்டிக்கு 36 தவணை என்றால் மாசம் 3,320, வருசத்துக்கு 39,840. அதை ஆடே கட்டிடும்.

அதனாலே கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள், மேடையிலேயே சொல்லிடறேன். ஆட்டுக்கு வாங்குற கடனுக்கு 36 தவணை கேட்டு வங்கியில் பேசுங்க. முதல் பத்து மாசம் குட்டி விற்காத மாசம். அதுக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கைமாற்று கொடுங்க. எங்க குழுவில் உள்கடனில் அப்படித்தான் செஞ்சு, புதுசா ஆடு வாங்கின ரெண்டு பேர் கம்மலை அடகு வைக்காம இருக்காங்க. தடுப்பூசிக்குப் போகிற நாளில் கூலி போகிறவங்களுக்கு அந்த 300 ரூபாயைக் குழுவே கொடுக்கலாமா என்பதையும் யோசிங்க.

தராசு எங்க வீட்டில்தான் தொங்குது. சந்தைக்கு முந்தின நாள் யார் வேண்டுமானாலும் குட்டியைக் கொண்டு வந்து எடை போட்டுக்கலாம், காசு கிடையாது. சாக்கு மட்டும் நீங்களே கொண்டு வாங்க, எங்க சாக்கு கிழிஞ்சு போச்சு.