கலையைக் காக்கும் சங்கம்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் பிள்ளைகளிற் பலர் இக்காலத்துக் கராத்தே பயின்று வருகின்றனர். இடையிற் கட்டும் பட்டையின் நிறம் மாறுந்தோறும் பெற்றோர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி தக்கதே. ஆயினும், அப்பட்டையை வழங்கும் உரிமை ஆசிரியர்க்கு எங்ஙனம் வந்தது என வினவுவார் சிலரே. அவ்வினாவிற்கு விடை காணுமாறு, ஜப்பான் கராத்தே சங்கத்தின் வரலாற்றைச் சிறிது கூற விழைகின்றேன்.

ஒகினாவாத் தீவில் 1868ஆம் ஆண்டு பிறந்த புனகோஷி கிச்சின் என்பார் தொழிலாற் பள்ளி ஆசிரியர். 1922இல் டோக்கியோ நகரில் இக்கலையை நிகழ்த்திக் காட்டிய அவர், அங்கேயே தங்கிக் கற்பித்தார். அவர்தம் பயிற்சிக்கூடம் 1945இல் வான்குண்டு வீச்சில் எரிந்தொழிந்தது. போருக்குப்பின் எஞ்சிய மாணாக்கர் 1949இல் ஒன்றுகூடிச் சங்கம் நிறுவினர். முதுமையுற்ற ஆசிரியரைச் சிறப்புத் தலைமையில் இருத்தினர். பயிற்றும் பொறுப்பை நகயாமா மசதோஷி ஏற்றார். 1957 ஏப்ரலில் அந்நாட்டுக் கல்வி அமைச்சு அதனைச் சட்டமுறைச் சங்கமாக ஏற்றது. அத்திங்களிலேயே ஆசிரியர் தம் 88ஆம் வயதில் மறைந்தார். சங்கமோ நிலைத்து நின்றது.

அது தன் உறுப்பினர்க்கு ஆற்றுந் தொண்டு யாதெனின், மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, பாட ஒழுங்கு. அடிப்படை அசைவுகள், கட்டா என்னும் தொடரசைவுகள், குமித்தே என்னும் எதிர்நின்று பொருதல் ஆகிய மூன்றற்கும் பொதுமுறை ஒன்றுண்டு. ஆதலின், ஊர் பெயரும் மாணாக்கன் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, தேர்வு. மாணாக்கர் படிகளைக் கடந்தபின்னரே கறுப்புப் பட்டைக்குரிய டான் நிலைகள் தொடங்கும். அவற்றுள் முதலாவதற்கு ஷோடான் என்று பெயர். தொடக்கநிலை என்பது அதன் பொருள். கறுப்புப் பட்டை கல்வியின் முடிவென்று எண்ணுவார் இதனை உளங்கொள்க. பயிற்றுவோர்க்கும், தேர்வாளர்க்கும், போட்டி நடுவர்க்கும் தனித்தனித் தகுதிச் சான்றுகள் உண்டு. கற்பிக்க வல்லார் யாவரும் மதிப்பிட வல்லாராகார் அன்றோ?

மூன்றாவது, ஆசிரியப் பயிற்சி. 1956இல் தொடங்கிய அவ்வகுப்பிற் தேறியோர் பிற நாடுகட்கும் சென்று கற்பித்தனர். மாணாக்கரைச் சேர்ப்பதினும் ஆசிரியரை ஆக்குவது அரிது. அவ்வரிய பணியே அச்சங்கத்தின் வேராயிற்று.

இத்துணைச் சிறந்த சங்கமும் ஓரிடத்து இடறிற்று. 1987இல் நகயாமா மறைந்தபின் தலைமை யார்க்கு என்னும் பூசல் எழுந்தது. இரு திறத்தாரும் சங்கத்தின் பெயரைத் தமதென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1999இல் முடிவுற்றது. தோற்ற பக்கத்தார் பிரிந்து வேறு சங்கம் கண்டனர். ஓராசிரியர்பாற் பயின்று, ஒரு கூடத்தில் உடன் வியர்த்தவர்கள் எதிரெதிர் நின்றனர்! தன்னையடக்கப் பயிற்றுங் கலையில் தேர்ந்தோர்க்கே இந்நிலையெனின், ஏனையோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

பெற்றோர்காள்! பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று வினவுங்கள். ஆசிரியர்க்குத் தகுதி அளித்தது எச்சங்கம்? தேர்வு நடத்துவோர் யாவர்? சான்று எங்குப் பதிவுறும்? பணங் கட்டினாற் பட்டை என்னும் கூடத்தில் பிள்ளை கற்பது கலையன்று, பொய்ம்மையே.

நம் சங்கத்திற்கும் இவ்வரலாறு ஒரு கண்ணாடி. முன்னோர் பெயர் சொல்லிப் பதவி கோருதல், உறவு நோக்கி உதவித்தொகை அளித்தல், கணக்கை உரிய காலத்தில் ஒப்புவியாமை ஆகியன இன்று சிறு பிழைகளாய்த் தோன்றும்; நீதிமன்ற வாயிலை அடைந்த பின்னரே அவற்றின் பருமை புலனாம். ஒருவர் பெருமையால் நிற்குஞ் சங்கம் அவரோடு தளரும். யாவரும் அடங்கி நடக்கும் விதியால் நிற்பது அவர்க்குப் பின்னும் வாழும்.

கராத்தேப் பயிற்சி வணக்கத்திற் தொடங்கி வணக்கத்தில் முடிவது மரபு. யானும் அம்மரபு பற்றி, உங்கள் அனைவரையும் வணங்கி அமைகின்றேன்.