வீட்டுத் திண்ணையில் ஒரு மருத்துவமனை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் இருப்புப்பாதையில் மீனாட்சிபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. ஊர் கேரளத்தைச் சேர்ந்தது. ஆயினும் கடைவீதியில் தமிழே மிகுதியாக ஒலிக்கும். பிழைப்பின் பொருட்டு எல்லையை நாள்தோறும் கடப்போர் அங்குப் பலர். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும், அதற்கப்பால் பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் இத்தகையதே. இவ்வாறு இடம் பெயர்ந்து வாழ்வோரைக் காசநோய் பற்றிக்கொண்டால் சிகிச்சையை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? இக்கேள்விக்கு விடை காண உதவிய ஓர் ஆராய்ச்சி, நமது சென்னையிலேயே நடைபெற்றது.

கேரள மாநிலம் பிறந்த அதே 1956ஆம் ஆண்டில், சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி இதனை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவர்.

அக்காலத்தில் க்ஷயரோகம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, பூரண ஓய்வு, சத்துணவு. ஆனால் நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ சொற்பம். ஆகவே, ஏழையின் குடிசையிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்று ஆராய முற்பட்டனர். 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யார் சானடோரியத்திற்குச் செல்வது, யார் வீட்டில் தங்குவது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையினால் முடிவு செய்தனர். ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் இரு மருந்துகள் இரு சாராருக்கும் ஓராண்டுக்காலம் வழங்கப்பட்டன.

இத்தகைய ஆராய்ச்சியில் மருந்தைக் காட்டிலும் கடினமானது நிர்வாகமே. வீட்டிலிருப்பவர் மாத்திரையை விழுங்கினாரா, மாடத்தில் வைத்துவிட்டாரா என்பதை யார் அறிவார்? ஆகவே வாரந்தோறும் மருந்து அளந்து கொடுத்தனர், முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து கண்காணித்தனர்.

முடிவுகள் 1959இல் வெளிவந்தன. ஓராண்டு முடிவில் வீட்டுச் சிகிச்சை பெற்றோரில் 86 விழுக்காட்டினருக்கும், சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வேற்றுமை சிறிதே. வீட்டில் இருந்தோர் நெரிசலான இல்லங்களில், எளிய உணவுண்டு வாழ்ந்தவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தார்க்குத் தொற்று மிகவில்லை என்பதும் தெளிவாயிற்று. உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணமாயிற்று. மேற்பார்வையில் மருந்துண்ணும் முறையும் சென்னையிலே சோதித்துச் செம்மை பெற்றது.

ஆனால் இதிலிருந்து, உணவு முக்கியமன்று என்று முடிவு கட்டுவது தவறு. நோயைத் தீர்ப்பது வேறு. வராமற் காப்பது வேறு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு வழங்கி நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023இல் வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. அன்றைய சென்னை நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. ஜார்க்கண்ட் ஆராய்ச்சியில் அதற்கும் பங்குண்டு.

நேயர்களே, அன்று வீடு தேடிச் சென்று மாத்திரை எண்ணிய ஊழியர், நோயாளியின் முகவரியை அறிந்திருந்தார். வெளிமாநிலத் தொழிலாளியின் முகவரியோ பருவத்திற்கொன்று மாறும். சிகிச்சை அறுபடுவது அங்கேதான். அரைகுறையாக உண்ட மருந்து, மருந்திற்கு அடங்காத கிருமியை வளர்க்கும்; அது பிறரையும் பற்றும்.

ஆகையால் இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதியுங்கள். சோதனையும் மருந்தும் எம்மாநிலத்திலும் இலவசம். அரசின் நிக்ஷய் பதிவேட்டில் உங்களுக்கு ஓர் எண் வழங்கப்படும். ஊர் மாறுமுன் அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள்; புதிய ஊரில் அவ்வெண்ணைக் காட்டிச் சிகிச்சையைத் தொடருங்கள். அன்று ஆராய்ச்சியாளர் நோயாளியைத் தேடிச் சென்றனர். இன்று நாம் போகுமிடத்தை ஒரு சொல் கூறிச் செல்வது நமது கடமையன்றோ?