காதிரைச்சலும் செவிக்குறைவும்



வெளியே ஓசையேதும் இல்லாதிருக்கக் காதுக்குள் இரைச்சல் கேட்பதை நம்மிற் பலர் அறிவோம். செவி எவ்வளவு மந்தமோ அவ்வளவுக்கு அத்துன்பமும் பெரிது என்றே எண்ணுகிறோம். உண்மை அதுவன்று.

இவ்விரண்டுக்கும் உறவு உண்டு. உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் பழுதடைந்து, மூளைக்குச் செல்லும் செய்தி குறையும்போது, மூளை தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது. அதனால் இரைச்சல் எழுகிறது என்பர் அறிஞர். எனினும் 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்னும் இருவர் நல்ல செவியுள்ள 80 பேரை ஓசை புகாத அறையில் இருத்தியபோது, நூற்றுக்கு 94 வீதமானோர் ஏதோவோர் ஒலி கேட்டதாகக் கூறினர்.

அளந்து பார்த்தால், இரைச்சலின் உரப்பு பெரும்பாலும் அவரவர் கேட்கும் எல்லைக்கு மேல் 10 டெசிபெல்லுக்குள்ளேயே நிற்கிறது. ஒருவர் அதனை மறந்து தம் கருமத்தைப் பார்க்கிறார். மற்றவர் உறக்கமிழந்து தவிக்கிறார். இவ்வேற்றுமைக்குச் செவியின் அளவைவிட அச்சமும் கவலையுமே பெரிதும் காரணமாகும்.

ஆகையால், “உங்களுக்கு நன்றாகக் காது கேட்கிறதே, பிறகென்ன வருத்தம்?” என்று நாம் எவரையும் நோகச் செய்தல் தகாது. செவி மந்தமான முதியோருக்குச் செவிப்புலன் கருவி இரைச்சலின் தொல்லையையும் தணிக்கக்கூடும். செவி திடீரென மந்தமானாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலோ, தாமதியாது வைத்தியரை நாடுவோம். இளைஞர்களே, வெடியோசைக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகே நில்லாதீர்கள். அழிந்த மயிர்க் கலம் மீண்டும் முளைப்பதில்லை.

பிறர் கேளாத ஓசையாற் துன்புறுவோருக்கு நாம் முதலிற் செய்யத்தக்க உதவி, அவர் சொல்வதை நம்புதலே.