அப்புக்காத்து மந்திரியானபோது நமக்கு என்ன நடந்தது?

(எலுவன்குளம் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து கலையும்போது ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "சேர், நல்லா சட்டம் படிச்ச ஒருத்தர மந்திரியாக்கிட்டா நம்ம பிரச்சினை தீராதா? எதுக்கு இந்தக் கூட்டம், சந்தா எல்லாம்?" என்று கேட்டார். அன்றைக்கு நேரம் போதவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு ஒரு பழைய கதையை எடுத்து வந்திருக்கிறேன். இது நடந்த கதை. நம் பாட்டன் பாட்டிமார் தலையில் இடியாக இறங்கிய கதை.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் என்ற பெயரைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901 இல் பிறந்தவர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்து, சட்டத்தரணியாகத் திரும்பியவர். குற்றவியல் வழக்கில் அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் சாட்சிக்கு வியர்க்கும் என்பார்கள். 1934 இல் பருத்தித்துறையிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். 1944 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கினார். சோல்பரி ஆணைக்குழு முன் நின்று, சட்டசபையில் பாதி இடம் பெரும்பான்மையோருக்கு, மீதிப் பாதி சிறுபான்மையோர் எல்லோருக்கும் என்று "ஐம்பதுக்கு ஐம்பது" கேட்டார். அது கிடைக்கவில்லை. ஆனாலும் 1947 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வென்று பாராளுமன்றம் போனார்.

அதே தேர்தலில் நமக்கும் வாக்கு இருந்தது. மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்களை நம் ஆட்கள் தங்கள் வாக்காலேயே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத்து வாக்கு கை கொடுத்தது. கொழுந்து பறிக்கிறவர் கையிலும் பால் வெட்டுகிறவர் கையிலும் அரசாங்கத்தை ஆட்டும் பலம் இருப்பதை ஆண்டவர்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1948 இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே தேடுவது? பொன்னம்பலம் அந்தச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தார். அதை மறைக்கக் கூடாது.

ஆனால் சில வாரங்களில் அவர் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். கைத்தொழிலும் கடற்றொழிலும் அவர் கைக்கு வந்தன. உள்ளே இருந்தால்தான் நம் மக்களுக்கு ஏதாவது வாங்கித் தரலாம் என்பது அவர் வாதம். வாங்கித் தந்ததும் உண்டு. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை என்று சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

அந்த நாற்காலிக்கு விலை இருந்தது. மந்திரிசபைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. சபை முடிவெடுத்தால் மந்திரி அதற்குக் கை தூக்கவேண்டும். முடியாதென்றால் வெளியே வரவேண்டும். இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது அவர் வெளியே வரவில்லை, ஆதரித்தார். அவரோடு இருந்த இன்னொரு சட்டத்தரணி, எஸ். ஜே. வி. செல்வநாயகம், எதிர்த்தார். இன்றைக்குத் தோட்டத்தாருக்கு விழுகிற அடி நாளைக்கு எங்களுக்கும் விழும் என்று எச்சரித்தார். பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவர் சொன்ன அந்த நாளை 1956 இன் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்தது.

அந்த 1949 சட்டத்தின்படி சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டோம். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதே 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசாவுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1952 இல் சத்தியாக்கிரகம் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. தொகுதி பிரிக்கும்போது நம் தலைகளை எண்ணினார்கள். வாக்குப் பெட்டிக்கு வந்தபோது எண்ணவில்லை. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மைக் கேட்காமலேயே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேறினான், தம்பி இங்கே நின்றான். நாடற்றவர் என்ற பெயரைத் துடைக்க 1988 இலும் 2003 இலும் புதிதாகச் சட்டம் போடவேண்டியிருந்தது.

பொன்னம்பலத்தின் அமைச்சுப் பதவி 1953 இல் போய்விட்டது. 1976 இல் அமிர்தலிங்கம் முதலானோர் மீது வழக்கு நடந்தபோது, வயதான பொன்னம்பலமும் வயதான செல்வநாயகமும் ஒரே நீதிமன்றத்தில் அவர்களுக்காக நின்றார்கள். அடுத்த ஆண்டு இருவருமே இறந்தார்கள். கெட்ட மனிதர் ஒருவரைப் பற்றி நான் பேசவில்லை என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் சட்டத்தரணி நமக்காகப் பேசுவார், ஏனென்றால் வழக்கைக் கொடுத்தவர் நாம். அன்றைக்கு மந்திரிசபையில் அவரை உட்கார வைத்தவர் பிரதமர். அங்கே அவர் நமக்காகப் பேசவேண்டுமானால், பேசாவிட்டால் கேள்வி கேட்க வெளியே ஒரு கூட்டம் இருக்கவேண்டும். 1947 இல் பொன்னம்பலத்தை அனுப்பியது யாழ்ப்பாணத்து வாக்கு. அவரைக் கேள்வி கேட்கத் தோட்டத்துக்கு உரிமையில்லை. பிறகு யாரையுமே கேட்க நமக்கு வாக்கில்லை. அதனால்தான் கூட்டமும் சந்தாவும்.

போவதற்கு முன் மூன்று காரியம். தென்னந்தோட்டமோ கஜுத் தோட்டமோ, வேறிடத்திலிருந்து இங்கே வந்தவர்கள் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்; இல்லாதவர்கள் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். வாக்குக் கேட்டு வருகிறவரிடம், "நீங்க மந்திரியானா, நம்ம காணிக்கும் சம்பளத்துக்கும் எதிரா ஒரு சட்டம் வந்தா நாற்காலிய விடுவீங்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு அவர் வரும்போது அந்தக் காகிதம் நம் கையில் இருக்கட்டும்.