கையெழுத்திடாத கோப்புகள்



படைக்கலக் கொள்முதலில் மனித மனம் எப்படி முடிவெடுக்கிறது என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். ஒரே ஒரு பீரங்கியை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

1986 மார்ச்சில் இந்தியா சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 155 மி.மீ. பீரங்கிகள் 410 வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய். மறு ஆண்டு ஏப்ரலில் இந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியது என்ற செய்தியைச் சுவீடன் வானொலி வெளியிட்டது. 1999 கோடையில், கார்கில் போரின்போது, திராஸ் பகுதியில் அதே பீரங்கிகள் மலைமுகடுகளைக் குறிவைத்து நேரடியாகச் சுட்டன. அந்தத் துணையோடுதான் காலாட்படை தோலோலிங், டைகர் ஹில் முகடுகளை மீட்டது. கறை பேரத்தில்தான், பீரங்கியில் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியாமல் போயிற்று.

வெளிநாட்டிலிருந்து புதிய 155 மி.மீ. பீரங்கி வாங்க அடுத்த ஒப்பந்தம் எப்போது? 2016 நவம்பரில், அமெரிக்காவிடம், 145 எம்-777. முப்பது ஆண்டு! இடையில் டெண்டர் விட்டார்கள், சோதனை நடத்தினார்கள், ஒரே நிறுவனம் மிஞ்சியது என்றோ கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது என்றோ ரத்து செய்தார்கள். இத்தனைக்கும் போஃபர்ஸின் வரைபடங்கள் ஒப்பந்தப்படி நம் படைக்கலத் தொழிற்சாலைகளின் கையிலேயே இருந்தன. அவற்றை வைத்து ஜபல்பூரில் உருவான ‘தனுஷ்’ பீரங்கி படையிடம் ஒப்படைக்கப்பட்டது 2019இல்.

ஏன் இந்தத் தாமதம்? கிடைக்கும் ஆதாயத்தைவிட நேரும் இழப்பே மனத்தை அதிகம் உறுத்தும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். இங்கே நாம் கேட்க வேண்டியது, யாருடைய இழப்பு என்பதைத்தான். ஒப்புதல் தந்த அதிகாரிக்குத் தணிக்கைக் கேள்வி வரும், சிபிஐ வரும், ஓய்வுக்குப் பின்னும் நீதிமன்றம் அழைக்கும். ‘மீண்டும் பரிசீலிக்கவும்’ என்று எழுதிக் கோப்பைக் கீழே அனுப்பியவரை யாரும் கேட்பதில்லை. அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நம்மில் பலரும் அதையே செய்வோம். ஆனால் பீரங்கித் துணை போதாமல் மலையேறும் சிப்பாயின் இழப்புக்கு அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லையே! ஊழலை விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். விசாரணை குற்றவாளியைத் தொட வேண்டும். கொள்முதலையே முடக்கக் கூடாது.

ஆய்வாளர்களே, வாங்கிய ஆயுதங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். வாங்காமல் தள்ளிப்போட்ட கோப்புகளையும் எடுத்துப் படியுங்கள். ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் விலை போடுங்கள். ஓய்வுபெற்ற படை அதிகாரிகளே, தேநீர் இடைவேளையில் எங்களிடம் சொல்வதை இந்த இரண்டு நாளும் மேடையிலேயே சொல்லுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.